எல்லோருக்கும் ஒரே மாலை

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று ஒளிபரப்பைத் தொடங்கியபோது அதற்கு 'ஒரு நாள்' என்பது மாலையில் சில மணி நேரம்தான். படம் கருப்பு வெள்ளை. சென்னையையும் அதன் சுற்றுவட்டாரத்தையும் தாண்டி அது எட்டவில்லை. ஆனால் அந்தச் சில மணி நேரத்துக்குள் உழவருக்கு ஒரு நிகழ்ச்சி, குழந்தைகளுக்கு ஒன்று, செய்தி, நாடகம், கச்சேரி, சினிமாப் பாட்டு என்று எல்லாம் இடம்பிடித்தாக வேண்டும். இன்று அதே நிலையம் 'டிடி தமிழ்' என்ற பெயரில் இருபத்து நான்கு மணி நேரமும் ஓடுகிறது. நேரம் பல மடங்கு பெருகிவிட்டது. சேர்ந்து பார்த்த கூட்டம்தான் கலைந்துவிட்டது. இந்த மாற்றத்தில் நாம் பெற்றது நிறைய. இழந்த ஒன்றைப் பற்றியும் பேச வேண்டியிருக்கிறது.

வயலும் வாழ்வும் ஓடிய அந்தி

1976 ஏப்ரல் 1 வரை தூர்தர்ஷன் அகில இந்திய வானொலியின் ஒரு பிரிவாகவே இருந்தது. வானொலி வளர்த்த வழக்கங்கள் பலவும் அப்படியே தொலைக்காட்சிக்கு வந்தன. அவற்றில் முதன்மையானது உழவர் நிகழ்ச்சி. அறுபதுகளில் ஆடுதுறை 27 நெல்லைப் பற்றி வானொலி விடாமல் சொல்லிச் சொல்லியே அது தஞ்சை வயல்களுக்குப் பரவியது. உழவர்கள் அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அந்த வேலையின் தொடர்ச்சிதான் 'வயலும் வாழ்வும்'. வேளாண் அலுவலர் வரப்பில் நின்று இலைச்சுருட்டுப் புழுவைக் காட்டிப் பேசுவார். நகரத்து வீட்டில் அடுத்து வரப்போகும் நாடகத்துக்காகக் காத்திருந்தவர்களும் வேறு வழியில்லாமல் அதைப் பார்த்தார்கள். நாற்றங்காலையும் நடவையும் நேரில் கண்டிராத பிள்ளைகள் பலர் அவற்றை முதன்முதலில் பார்த்தது அப்படித்தான்.

செவ்வாய்க்கிழமை என்றால் நாடகம். வெள்ளிக்கிழமை என்றால் 'ஒளியும் ஒலியும்'. ஞாயிறு மாலை தமிழ்ப் படம். அடுத்த வாரம் என்ன வரும் என்று சொல்ல 'முன்னோட்டம்', பார்வையாளர் கடிதங்களுக்குப் பதில் சொல்ல 'எதிரொலி', குழந்தைகளுக்குக் 'கண்மணிப் பூங்கா'. எஸ்.வி.சேகரின் 'வண்ணக் கோலங்கள்' சபா நாடகத்தின் சிரிப்பை வீட்டுக்குக் கொண்டுவந்தது. கே.பாலசந்தர் சின்னத்திரைக்கென்றே 'ரயில் சிநேகம்' எடுத்தார். ஷோபனா ரவி, வரதராஜன், பாத்திமா பாபு ஆகியோரின் உச்சரிப்பைக் கேட்டு வீடுகளில் பிள்ளைகளுக்கு ழகரம் சொல்லிக்கொடுத்தார்கள்.

தொலைக்காட்சிப் பெட்டி எல்லார் வீட்டிலும் இல்லை. சாலிடேரோ டயனோராவோ இருந்த வீட்டுத் திண்ணையிலும் வாசலிலும் தெருவே கூடியது. கிராமத்தில் பஞ்சாயத்து டிவி முன்னால் பாய் விரித்து உட்கார்ந்தார்கள். காற்றடித்தால் படத்தில் புள்ளி பறக்கும். ஒருவர் மாடியேறி ஆன்டெனாவைத் திருப்ப, கீழேயிருந்து இன்னொருவர் "இப்ப தெரியுது, அப்படியே விடு" என்று குரல் கொடுப்பார். 'தடங்கலுக்கு வருந்துகிறோம்' என்ற அட்டை வந்தாலும் யாரும் எழுந்து போகமாட்டார்கள்.

அந்த மாலையின் குறைகள்

அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று மட்டும் எழுதினால் அது உண்மையாகாது. 1982இல் வண்ணமும் தேசிய ஒளிபரப்பும் சேர்ந்து வந்தன. இரவு எட்டரை மணிக்கு மேல் தில்லி கையிலெடுத்துக்கொள்ளும். இந்திச் செய்தி, இந்தித் தொடர், ஆங்கிலச் செய்தி என்று போகும். மொழி தெரியாத கோடிக்கணக்கான தமிழர்களுக்கு அது பாதி நாள் பறிபோனது போலத்தான். 1987 ஜனவரியில் தொடங்கிய 'ராமாயண்' தொடரையும் அடுத்த ஆண்டு வந்த 'மகாபாரத்' தொடரையும் இங்கே மக்கள் ஞாயிறு காலையில் விரும்பிப் பார்த்தார்கள் என்றால், கதை முன்பே தெரிந்திருந்ததால்தான்.

தென்மாவட்டங்களின் குறை இன்னும் பெரிது. 1983இல் இன்சாட் 1பி விண்ணில் ஏறிய பிறகு ஊர் ஊராகக் குறைந்த சக்தி ஒளிபரப்பிகள் நிறுவப்பட்டன. அவை அஞ்சல் செய்தது பெரும்பாலும் தில்லி நிகழ்ச்சிகளை. சென்னையின் தமிழ் நிகழ்ச்சிகள் எட்டாத கடலோர ஊர்களில் உயரமான கம்பத்தில் ஆன்டெனா கட்டி, பூஸ்டர் போட்டு, 1982இல் தொடங்கப்பட்ட இலங்கையின் ரூபவாஹினியைப் பார்த்தார்கள். கொடைக்கானல் மலையில் உயர்சக்தி ஒளிபரப்பி வந்த பிறகுதான் மதுரைக்கும் அதற்குத் தெற்கேயும் 'ஒளியும் ஒலியும்' தெளிவாக வந்து சேர்ந்தது.

எல்லாவற்றுக்கும் மேலான குறை செய்தியில் இருந்தது. அமைச்சர் திறந்துவைத்தார், அடிக்கல் நாட்டினார் என்பதே தலைப்புச் செய்தி. ஆளும் அரசுக்குப் பிடிக்காத குரலுக்கு அங்கே இடமில்லை. 1997இல் பிரசார் பாரதி என்ற தன்னாட்சி அமைப்பு நடைமுறைக்கு வந்தது இந்தக் குறையைத் தீர்க்கத்தான். அந்த நோக்கம் இன்னும் முழுமையாக நிறைவேறவில்லை என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

பிரிந்துபோன நாள்

1993 ஏப்ரல் 14 அன்று சன் டிவி வந்தது. இரவு எட்டரைக்குப் பிறகும் தமிழ் கேட்க முடிந்தது. அது பெரிய விடுதலை. தூர்தர்ஷனும் தமிழுக்கென்று செயற்கைக்கோள் வழி ஓர் அலைவரிசையை நடத்தியது. அதற்குப் 'பொதிகை' என்ற அழகிய பெயர் கிடைத்தது. 2024 ஜனவரியில் அது 'டிடி தமிழ்' ஆயிற்று. இதற்கிடையே ஒவ்வொரு தேவைக்கும் ஒரு தனி வாசல் திறந்துகொண்டது. பாட்டுக்கு ஒன்று, சிரிப்புக்கு ஒன்று, செய்திக்குப் பல. 2015இல் உழவருக்கென்று டிடி கிசான். 2019இல் மாணவருக்கென்று தமிழக அரசின் கல்வித் தொலைக்காட்சி. மறு ஆண்டே கொரோனா பள்ளிகளைப் பூட்டியபோது அதன் பாடங்கள் எத்தனையோ பிள்ளைகளுக்குக் கைகொடுத்தன.

இவையெல்லாம் நல்லவையே. ஆனால் கணக்கைச் சரியாகப் பார்க்க வேண்டும். டிடி கிசான் பெரும்பாலும் இந்தியில் பேசுகிறது. தமிழ் உழவருக்கு அதனால் என்ன பயன்? அவருக்கு இன்றும் தமிழில் வயல் செய்தி சொல்லும் பொதுத் தொலைக்காட்சி சென்னை நிலையம்தான். விளம்பரதாரர் கிடைக்காத தோற்பாவைக் கூத்துக்கும் வில்லுப்பாட்டுக்கும், இன்னும் பெயர் பெறாத இளம் பாடகரின் அரை மணி நேரக் கச்சேரிக்கும், மருத்துவரிடம் தொலைபேசியில் காசில்லாமல் சந்தேகம் கேட்கவும் அங்கேதான் இடம் இருக்கிறது. திருவையாற்றில் தியாகராஜர் ஆராதனையன்று பஞ்சரத்தினக் கீர்த்தனைகளை நேரலையில் கேட்கிறோம். அதுவும் பொதுத் தொலைக்காட்சி வளர்த்த பழக்கம். தூர்தர்ஷனின் ஃப்ரீ டிஷ் இருந்தால் மாதக் கட்டணமும் கிடையாது.

இழந்தது எது என்றால், பக்கத்து நிகழ்ச்சியைப் பார்க்க நேர்ந்த வாய்ப்பு. அன்று பாட்டுக்காக உட்கார்ந்தவர் பயிரைப் பார்த்தார். படத்துக்காக உட்கார்ந்தவர் பரதத்தைப் பார்த்தார். ஞாயிறு பிற்பகலில் காதுகேளாதோருக்கான செய்தி வரும். கைகளால் பேசும் அந்த மொழியைக் காதுகேட்பவர்களும் பார்த்தார்கள். அப்படியும் மனிதர்கள் பேசிக்கொள்கிறார்கள் என்று தெரிந்துகொண்டார்கள். அதையடுத்துப் பிற மாநிலத்து மொழிப் படம். வங்காளத்து வீடு எப்படி இருக்கும், கேரளத்துப் படகு எப்படிப் போகும் என்று பலர் அறிந்தது அதில்தான். இன்று நம் கைப்பேசி நாம் நேற்றுப் பார்த்ததையே இன்றும் நீட்டுகிறது. சமையல் பார்த்தவருக்குச் சமையல், சண்டை பார்த்தவருக்குச் சண்டை. நமக்குப் பிடித்ததெல்லாம் கிடைக்கிறது. நமக்குப் பிடிக்கும் என்று நாமே அறியாதது கிடைப்பதில்லை.

பழைய நாள் திரும்பி வராது, வரவும் வேண்டாம். ஒற்றை அலைவரிசையின் கட்டாயத்தை யாரும் விரும்ப மாட்டார்கள். ஆனால் ஒரு நாளுக்குள் உழவு, கல்வி, இசை, மருத்துவம், நாட்டார் கலை, செய்தி எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைக்கும் கடமை பொதுத் தொலைக்காட்சிக்கு இன்னும் இருக்கிறது. வேறு யாரும் அதைச் செய்யப்போவதில்லை. அதற்காகத்தான் மக்கள் வரிப்பணம் அதற்குப் போகிறது. டிஆர்பி எண்ணைக் காட்டி அந்தக் கலவையைக் குறைப்பது தவறு. மாவட்டங்களுக்குப் போகும் கேமராக்கள் கூட வேண்டும். தமிழ் நிகழ்ச்சிகளைத் தமிழ்நாட்டிலிருந்தே முடிவுசெய்யும் உரிமை வேண்டும். சுவாமி சிவானந்தா சாலை நிலையம் அரை நூற்றாண்டாகப் பதிந்து வைத்ததெல்லாம் இணையத்தில் எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும். செய்தி அறைக்கு அரசின் கை எட்டாத சுதந்திரம் வேண்டும். இவற்றைக் கேட்கும் உரிமை நமக்கு உண்டு. 'எதிரொலி'க்கு அஞ்சலட்டை எழுதிக் கேள்வி கேட்ட பார்வையாளர்களின் வழிவந்தவர்கள்தானே நாம்.