பல்லைச் சுத்தம் செய்தால் வெள்ளையாகிவிடுமா?

பல் மருத்துவப் படிப்பில் இது எனக்கு இறுதியாண்டு. விரிவுரையாளரின் மேற்பார்வையில் நோயாளிகளைக் கவனிக்கத் தொடங்கியதிலிருந்து, என் வயதை ஒத்தவர்கள் நாற்காலியில் சாய்ந்ததும் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான்: "கிளீன் பண்ணா பல்லு வெள்ளையாயிடுமா?" ஈறில் ரத்தம் வருகிறதா என்று நான் கேட்டால், "அது எப்பவும் வர்றதுதான்" என்று சொல்லிவிட்டு மீண்டும் நிறத்துக்கே வந்துவிடுவார்கள். எனக்கோ அந்த ரத்தம்தான் கவலை.

முதலில் நிறத்தைப் பார்த்துவிடுவோம். பல்லின் மேலே இருக்கும் எனாமல் ஓரளவு ஒளியை உள்ளே விடும். அதற்கு அடியில் உள்ள டென்டின் இயற்கையிலேயே மஞ்சள் சாயல் கொண்டது. நம் கண்ணுக்குத் தெரியும் பல்லின் நிறம் பெரும்பாலும் அந்த உள்நிறம்தான். ஆகவே ஆரோக்கியமான பல்கூட லேசான மஞ்சளாக இருக்கலாம். விளம்பரங்களில் வரும் காகித வெள்ளையோடு ஒப்பிட்டு மனம் வாடத் தேவையில்லை.

அதன் மேல் படியும் கறை வேறு. தே தாரிக், கோப்பி, சிகரெட் எல்லாம் இந்த வகை. குளோர்ஹெக்சிடின் கலந்த, வாய் கொப்பளிக்கும் மருந்தும் நாள்பட்டால் பழுப்பேற்றும். பிரஷ் எட்டாத இடத்தில் தங்கும் கிருமிப் படலம், எச்சிலில் உள்ள சுண்ணாம்புச் சத்தோடு சேர்ந்து சில நாள்களிலேயே இறுகத் தொடங்கும். அதுதான் காரை. கீழ்வரிசை முன்பற்களின் உள்பக்கம் அதற்குப் பிடித்த இடம். எச்சில் சுரப்பிகள் அங்கேதான் திறக்கின்றன. சொரசொரப்பான காரையில் கறையும் ஏறும், கிருமியும் குடியிருக்கும். ஈறு வீங்கி ரத்தம் கசிவது அதனால்தான். அப்படியே விட்டால் பல்லைத் தாங்கும் எலும்பே கரையலாம். பெரும்பாலும் வலியே இல்லாமல் நடக்கும் என்பதுதான் இதில் மோசம்.

அண்மையில் 18 வயது மாணவி ஒருவர் வந்திருந்தார். ஆசிரியர் கல்விக் கழக நேர்முகத் தேர்வுக்கு இன்னும் இரண்டு வாரம். சிரிக்கும்போதெல்லாம் கையால் வாயை மூடிக்கொண்டார். "மெஷின் வச்சா பல்லு ஆடிப்போகும்னு அம்மா சொன்னாங்கக்கா" என்றார். நம் வீடுகளில் இந்தப் பேச்சு இன்னும் ஓயவில்லை.

ஸ்கேலிங் கருவியின் மெல்லிய முனை வினாடிக்குச் சுமார் 25,000 தடவை அதிர்ந்து காரையை உடைக்கிறது. கூடவே பீய்ச்சும் தண்ணீர் சூட்டைத் தணித்து, உடைந்ததைக் கழுவிவிடுகிறது. பிறகு பசை தடவி, சுழலும் சிறிய ரப்பர் கிண்ணத்தால் மெருகேற்றுவோம். முடிந்ததும் அவர் நாக்கால் துழாவிப் பார்த்துவிட்டு, "அக்கா, பல்லுக்கு நடுவுல ஓட்டை விழுந்துடுச்சு!" என்றார். கண்ணாடியைக் கொடுத்துக் காட்டினேன். அந்த இடைவெளி புதிதல்ல. காரை அதை அடைத்து வைத்திருந்தது. எலும்பு ஏற்கெனவே கரைந்திருந்தால்தான், காரை போனபின் பல் ஆடுவது தெரியவரும். பழி மட்டும் மெஷின்மேல் விழுகிறது. சில நாள்களுக்குக் குளிர்ந்த தண்ணீர் பட்டால் கூசும், பிறகு அடங்கிவிடும்.

பழுப்புக் கறை போயிருந்தது. இயல்பான மஞ்சள் அப்படியே இருந்தது. "இவ்வளவுதானா?" என்று கேட்டவர், இணையத்தில் வாங்கிய வெண்மையாக்கும் ஜெல் ஒன்றைப் பையிலிருந்து எடுத்தார். உள்ளே என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று உறையில் ஒரு வரிகூட இல்லை. ஆசியான் நாடுகளின் அழகுப்பொருள் விதிப்படி, பொதுமக்களுக்கு நேரடியாக விற்கும் வாய்ப் பராமரிப்புப் பொருள்களில் ஹைட்ரஜன் பெராக்சைடு 0.1 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. அதற்கு மேல் என்றால் பல் மருத்துவர் வழியாகத்தான் பெற வேண்டும். அளவு மிஞ்சினால் ஈறு வெந்துவிடும். அவருக்கோ ஈறு ஏற்கெனவே வீங்கியிருந்தது. விரிவுரையாளர் அதை எடுத்துச் சொன்னதும் ஜெல் பைக்குத் திரும்பியது. ஈறு ஆறட்டும், வெண்மையாக்குவதைப் பிறகு பேசலாம் என்று முடிவானது.

எலுமிச்சைச் சாற்றில் சோடா மாவைக் கலந்து பல் தேய்க்கும் காணொளிகளையும் பார்க்கிறேன். புளிப்பு எனாமலைக் கரைக்கும். கரைந்த எனாமல் மறுபடி வளராது. அது மெலிய மெலிய, உள்ளிருக்கும் மஞ்சள் இன்னும் எடுப்பாகத் தெரியும். கரித்தூள் பற்பசையைப் பற்றி என்ன சொல்ல? தாத்தா காலத்துக் கரிதான், புது டப்பாவில் வருகிறது.

சில கறைகள் ஸ்கேலிங்குக்கு மசியாது. சிறுவயதில் டெட்ராசைக்ளின் மருந்து சாப்பிட்டிருந்தால் நிறம் பல்லுக்குள்ளேயே பதிந்திருக்கும். பல் உருவாகும் பருவத்தில் ஃபுளோரைடு அதிகமானால் வெள்ளைத் திட்டுகள் விழும். ஒரே ஒரு பல் மட்டும் சாம்பல் நிறமாக மாறினால், எப்போதோ பந்து விளையாடும்போது அடிபட்டு உள்ளே நரம்பு செத்திருக்கலாம். அதற்கு எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பதுதான் முதல் வேலை.

தனியார் கிளினிக் கட்டணம் மாணவர் கைக்கு எட்டாவிட்டால் அரசாங்கப் பல் கிளினிக் இருக்கிறது. செலவு குறைவு. ஆனால் தேதி கிடைக்கக் காத்திருக்க வேண்டும். விடுமுறைக்கு முன்பே பதிந்துவிடுவது நல்லது. பல் மருத்துவம் கற்பிக்கும் பல்கலைக்கழகங்களிலும் விசாரிக்கலாம். என்னைப் போன்ற மாணவர்கள் கொஞ்சம் மெதுவாகத்தான் செய்வோம். ஆனால் விரிவுரையாளர் வந்து பார்த்த பிறகுதான் உங்களை எழுந்திருக்க விடுவோம்.