உறுதியில் எழுதிய பெயர்

காணி விஷயத்தில் எம்மவர் மிகவும் விழிப்பானவர்கள். எல்லை வேலியின் கதியால் ஒரு முழம் நகர்ந்தாலும் பொறுக்கமாட்டார்கள். அத்தகையோருங்கூட, மணஞ் செய்யாது கூடி வாழும் இருவர் பணஞ் சேர்த்து வாங்கிய காணி அவர்கள் பிரியும்போது யாரைச் சேரும் என்று கேட்டால் தடுமாறுவர்.

மணந்தோர்க்குத் தேசவழமை ஒரு வழி வகுத்துள்ளது. ஒல்லாந்தர் காலத்தில், 1707ஆம் ஆண்டில் தொகுக்கப்பட்ட அவ்வழமையில், மணவாழ்விற் சம்பாதித்த ஆதனம் தேடியதேட்டம் எனப்படும். மணமின்றி வாழ்ந்தோர் எவ்வளவுதான் தேடினாலும் அது சட்டத்தின் கண்ணில் தேடியதேட்டம் ஆகாது. ஆயினும் பதியாத மணமெல்லாம் மணமன்று என எண்ணுதலும் பிழையே. வழக்கப்படி சடங்கு நிகழ்ந்து, ஊரார் கணவன் மனைவியென ஏற்றுக்கொண்ட நெடுநாள் வாழ்வைத் திருமணமென நீதிமன்றம் ஊகிக்க இடமுண்டு.

அவ்வாறான மணமும் இல்லையெனின், முதலில் நோக்கப்படுவது உறுதியே. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, காணி கைமாறுவதற்கு நொத்தாரிசு முன்னிலையில், இரு சாட்சிகளுடன் முடித்த உறுதி வேண்டும். "இந்த வீடு நம் இருவருக்குந்தான்" என்ற வாய்ச்சொல் உறுதியின் இடத்தை நிரப்பாது.

ஒரு பெண் தையல் தைத்துச் சேர்த்த பணத்தையும் காப்பு விற்ற பணத்தையும் கொடுக்க, உறுதி அவருடன் வாழ்ந்தவரின் பெயரில் மட்டும் முடிந்தது எனக் கொள்வோம். பிரிவு நேரும்போது அவர் வெறுங்கையுடன் செல்லவேண்டியதுதானா? 1917ஆம் ஆண்டின் நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டத்தின் 84ஆம் பிரிவு அவருக்குத் துணை நிற்கக்கூடும். விலையை ஒருவர் கொடுக்க, ஆதனம் வேறொருவர் பெயருக்கு மாறியிருந்து, பணம் கொடுத்தவர் அதனை நன்கொடையாகக் கருதவில்லை என்பது புலப்படின், பெயர் பெற்றவர் பணம் கொடுத்தவரின் நன்மைக்காகவே அதனை வைத்திருப்பவராவர். ஆனால் இதனை நிறுவும் பாரம் அப்பெண்ணின் தலையிலேயே விழும். வங்கிப் புத்தகமும் நகை விற்ற பற்றுச்சீட்டும் அன்றுதான் பேசும். அன்பு மிகுந்த நாளில் இவற்றைச் சேமித்து வைப்போர் எத்தனைபேர்!

இருவர் பெயரும் உறுதியில் இருப்பின் நிலைமை எளிது. அவர்கள் கூட்டுரிமையாளர், பங்கின் அளவு எழுதப்படாவிடின் சமபங்கென்றே பொதுவாகக் கொள்ளப்படும். ஒருவர் கோபித்து வெளியேறினார் என்பதனால் அவர் பங்கு அழியாது. பத்தாண்டு தனித்து ஆண்டதனால் மட்டும் எஞ்சியிருந்தவர் முழுக் காணிக்கும் உரியவராவதுமில்லை; மற்றவரின் உரிமையை வெளிப்படையாக மறுத்து ஆண்டமை நிரூபிக்கப்படல் வேண்டும். தளபாடங்கள், சைக்கிள் முதலியன விலைகொடுத்தவரையே பெரும்பாலும் சேரும்.

இணக்கம் இல்லையாயின், 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கப் பிரிவிடற் சட்டத்தின்கீழ் இருவரில் எவரும் மாவட்ட நீதிமன்றத்தில் வழக்கிடலாம். நில அளவையாளர் அளந்து படம் வரைவார். கிணறு வெட்டியவர், வீடு கட்டியவர் அதற்கு ஈடு கோரலாம். துண்டாட இயலாத சிறு வளவாயின் விற்கும்படி மன்று பணிக்கும். பங்காளருக்கே முதலில் வாங்கும் வாய்ப்புண்டு, பின்னரே பகிரங்க ஏலம். இவ்வழக்குகள் ஆண்டுக்கணக்கில் இழுபடுவதை யாவரும் அறிவர். சில சமயம் வளவின் பெறுமதியிற் கணிசமான பகுதி வழக்குச் செலவிலேயே கரைந்துவிடும்.

இருவரும் சம்மதித்தாலோ நீதிமன்றப் படியேற வேண்டியதில்லை. நில அளவையாளரின் படமொன்றும், நொத்தாரிசு முடித்துப் பதிவு செய்யும் பங்கீட்டு உறுதியொன்றும் போதும்.