ஏறும்போது மூச்சு, இறங்கும்போது தொடை!

மும்பை தாதர் ஸ்டேஷன் மேம்பாலத்தில் காலை நேரத்தில் படி ஏறுகிறவர்களுக்கெல்லாம் மூச்சு வாங்குகிறது. இறங்குகிறவர்களோ அரட்டை அடித்துக்கொண்டே இறங்குகிறார்கள். ஏறுவதுதான் கஷ்டம், இறங்குவது சுலபம் என்றே யாருக்கும் தோன்றும்.

லீவில் ஊருக்குப் போனபோது பழநி மலையின் 600க்கு மேற்பட்ட படிகளை ஏறி இறங்கி வந்தவரைக் கேட்டால் வேறு கதை சொல்வார். மலையில் மூச்சு வாங்கியது அப்போதே மறந்துபோயிருக்கும். மறுநாளும் அதற்கு மறுநாளும் தொடை பிடித்துக்கொண்டு, உட்கார்ந்தால் எழ முடியாமல் பட்ட அவஸ்தைதான் நினைவில் நிற்கும். அந்த வலியில் பெரும்பங்கு இறங்கியதால் வந்தது.

தசைக்கு இழுக்கத்தான் தெரியும், தள்ளத் தெரியாது. ஏறும்போது தொடையின் முன்பக்கத் தசை சுருங்கி உடலை மேலே தூக்குகிறது. இறங்கும்போதும் அதே தசைதான் உழைக்கிறது. ஆனால் மடங்கும் முழங்கால் அதை நீட்ட, அது பிடியை விடாமல் சிறுகச் சிறுக விட்டுக்கொடுக்கிறது. ஏறுகையில் எஞ்சினாக இருந்தது, இறங்குகையில் பிரேக் ஆகிவிடுகிறது.

இந்த இரண்டு வேலைக்கும் உள்ள வித்தியாசத்தை 1952இல் லண்டன் ராயல் சொசைட்டியில் வேடிக்கையாகக் காட்டினார்கள். இரண்டு சைக்கிள்களை முதுகுக்கு முதுகாக நிறுத்திச் சங்கிலியால் இணைத்தார்கள். ஒருவர் முன்னோக்கி மிதிக்க வேண்டும். மற்றவர் பின்னோக்கிச் சுற்றும் பெடலை மிதித்துத் தடுக்க வேண்டும். இருவருக்கும் ஒரே வேகம், ஒரே விசை. மிதித்தவர் வாட்டசாட்டமான ஆண். தடுத்தவர் சிறிய உருவம் கொண்ட பெண். சிறிது நேரத்தில் அந்த ஆண் களைத்துப்போனார்! தடுப்பவருக்குச் செலவாகும் ஆக்சிஜன் சில மடங்கு குறைவு என்பதை அளந்தும் காட்டினார்கள்.

நீளும் தசையில் ஒவ்வொரு இழையும் கூடுதல் விசையைத் தாங்கும். அதனால் குறைந்த இழைகளே போதும், மூச்சும் வாங்காது. நாலு பேர் தூக்க வேண்டிய பெட்டியை இரண்டு பேர் பிடித்துக்கொள்வது போலத்தான் இது. ஆனால் அந்த இரண்டு பேரின் தோள்பட்டை என்ன ஆகும்? பழக்கமில்லாத தசையில் மிக நுண்ணிய சிதைவுகள் உண்டாகின்றன. அவற்றை ஆற்ற உடல் முனையும்போது, சில மணி நேரம் கழித்து வலி தொடங்கி, இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போகிறது. தசையில் தேங்கும் லாக்டிக் அமிலம்தான் காரணம் என்று ஜிம்முக்குப் போகும் பிள்ளைகள் இன்றும் சொல்வார்கள். அது ஒரு மணி நேரத்துக்குள் பெரும்பாலும் வடிந்துவிடுகிறது. மூன்றாம் நாள் வலிக்கு அதன்மேல் பழி போடுவது நியாயமில்லை.

இதைத் தெரிந்துகொள்ளாததால் பிழைப்பே போவதுண்டு. ஊரிலிருந்து புதிதாக வந்து, மாடி மாடியாகச் சரக்கு இறக்கும் வேலையில் சேரும் பையன் மூன்றாம் நாள் காலையில் எழ முடியாமல் படுத்துவிடுகிறான். 'இந்த வேலை என் உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை' என்று ரயில் ஏறிவிட்டால் வேலையும் போயிற்று, வாங்கிய கடனும் தலைமேல் நிற்கும். உண்மையில் அப்போதுதான் அவன் தசை பழகத் தொடங்கியிருக்கிறது. ஒருமுறை இப்படி வலித்து ஆறிய தசை, அதே வேலையில் மறுமுறை அவ்வளவு வலிப்பதில்லை. அந்தப் பாதுகாப்பு சில வாரங்களாவது நீடிக்கும். முதல் வாரம் பாதிச் சுமையோடு தொடங்கவிடும் மேஸ்திரிக்கு ஆள் நிலைப்பான்.

தசைக்கு ஒரு துணையும் உண்டு. குதிகாலுக்கு மேலே கெட்டியான கயிறு போல் தட்டுப்படுவதை நம்மவர்கள் 'நரம்பு' என்பார்கள். அது நரம்பு அல்ல, தசையை எலும்போடு கட்டும் தசைநாண். குதித்து இறங்கும்போது முதல் அதிர்ச்சியை இந்த நாண் நீண்டு வாங்கிக்கொண்டு, தசைக்கு நிதானமாகக் கொடுக்கிறது. இதை வான்கோழிகளைக் குதிக்கவிட்டு ஆராய்ந்திருக்கிறார்கள் என்றால் சிரிப்புத்தான் வரும்! ஓடும் லோக்கலிலிருந்து குதிக்கும்போது பின்னாலிருந்து யாரோ உதைத்ததுபோல் பட்டு, நுனிக்காலில் நிற்க முடியாமல் போனால் நாண் அறுந்திருக்கலாம். தைலம் தேய்த்துக்கொண்டு நாள் கடத்தாமல் அன்றே டாக்டரிடம் போக வேண்டும்.

இறங்குவதால் லாபமும் இருக்கிறது. தைவானில் பருமனான வயதான பெண்களை லிப்டில் மேலே அனுப்பி, படியில் இறங்கி வரச் செய்தார்கள். 2017இல் வெளியான அந்த ஆய்வின்படி, 12 வாரங்களில் படி ஏறியவர்களைவிட இறங்கியவர்களின் தொடை வலுவே கூடுதலாக வளர்ந்திருந்தது. அவர்களும் எடுத்தவுடன் முழு அளவில் இறங்கவில்லை. குறைவாகத் தொடங்கி வாரத்துக்கு வாரம் கூட்டினார்கள்.

சாதாரண வலி ஒரு வாரத்துக்குள் தானே போய்விடும். தொடை வீங்கி, சிறுநீர் கறுத்த டீ நிறத்தில் போனால் மட்டும் ஒரு நாள்கூடப் பொறுக்கக் கூடாது. சிதைந்த தசையின் கழிவு சிறுநீரகத்தைத் தாக்கத் தொடங்கியிருக்கலாம்.