மருந்துக் கொம்பும் வேட்டைப் பையும்



சென்ற மாத நேரடி நிகழ்ச்சியின் கடைசி நிமிடங்களில் ஒரு தாயார் தொலைபேசியில் வந்தார். அவருடைய பதினேழு வயது மகன் டுசல்டோர்ஃப் பழம்பொருட் சந்தையொன்றில் பழைய மாட்டுக் கொம்பு ஒன்றும், அதோடு தொங்கிய தோல் பையும் வாங்கி வந்திருக்கிறான். "இது என்ன சாமான் அண்ணா? வீட்டில வைச்சிருக்கலாமோ?" என்று கேட்டார். அடுத்த கேள்வி தயங்கித் தயங்கி வந்தது. "இதைக் கண்ட நாள் தொடக்கம் தோல் வேலை பழகப் போறன் எண்டு நிக்கிறான். சனம் என்ன சொல்லும்?" நேரம் போதாததால் அன்று சுருக்கமாகச் சொன்னதை இங்கே விரிவாக எழுதுகிறேன்.

வன்னிப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு இடியன் துவக்கு நினைவிருக்கும். குழல் வாய் வழியாக மருந்தையும் ஈயக் குண்டையும் போட்டு, கோலால் இடித்து இறுக்கிச் சுடுகிற துவக்கு அது. ஐரோப்பிய வேட்டைக்காரரும் ஒரு காலத்தில் இப்படித்தான் சுட்டார்கள். மருந்தைக் காவுவதற்குக் கொம்பு, குண்டும் மற்றச் சாமான்களும் வைக்கத் தோல் பை. ஜேர்மனியர் இந்தக் கொம்பைப் புல்வர்ஹோர்ன் என்பார்கள். 19ஆம் நூற்றாண்டில் தோட்டா பரவியதும் இரண்டுக்கும் வேலை குறைந்துவிட்டது.

கொம்பை ஏன் தெரிவு செய்தார்கள்? கரிமருந்து என்பது ஏறத்தாழ 75 பங்கு வெடியுப்பு, 15 பங்கு கரி, 10 பங்கு கந்தகம் சேர்ந்த கலவை. அதற்கு எதிரிகள் இரண்டு: ஈரமும் தீப்பொறியும். கொம்பு தண்ணீரை உள்ளே விடாது, துருப்பிடிக்காது, உரசினால் பொறி பறக்காது, பாரமும் இல்லை. செய்முறை முழுவதும் இந்த இரண்டு எதிரிகளையும் மனதில் வைத்துத்தான் அமைந்திருக்கிறது.

கொம்பின் வெளிக்கூடு எங்கள் நகத்தில் உள்ள அதே கெரட்டின். உள்ளே எலும்பு இருக்கும். அவித்தோ, பல வாரம் ஊறவிட்டோ அந்த எலும்பைத் தட்டி எடுக்கிறார்கள். நுனிப்பக்கம் கெட்டியானது. உள்ளே ஒரு கம்பியை விட்டு வெறுமை எவ்வளவு தூரம் போகிறது என்று அளந்து, நுனியை வெட்டி, மெல்லிய துளை போடுகிறார்கள். மருந்து வெளிவரும் வழி அது. அகன்ற பக்கத்தைக் கொதிநீரில் வைத்தால் கொம்பு இளகும். அப்போது கூம்பு வடிவ மரக்கட்டையை உள்ளே தள்ளி ஆறவிட்டால் வாய் வட்டமாக நிற்கும். அதற்கு அளவான மர மூடியைப் பொருத்தி, மர ஆப்பாலோ பித்தளை ஆணியாலோ இறுக்கி, இடைவெளியைத் தேன்மெழுகால் அடைப்பார்கள். இரும்பைத் தவிர்ப்பது பொறிக்குப் பயந்துதான். பிறகு வெளிப்புறத்தைக் கத்தியால் சுரண்டி மெல்லியதாக்குவார்கள். வெளிர்நிறக் கொம்பானால் வெளிச்சத்தில் பிடித்தவுடன் உள்ளே எவ்வளவு மருந்து மிச்சம் என்று தெரியும்.

இன்னொன்று. கொம்பிலிருந்து நேரே குழலுக்குள் மருந்து ஊற்றக் கூடாது. முந்திய வெடியின் தணல் உள்ளே கிடந்தால் நெருப்பு ஏறிவந்து, கையிலிருக்கும் கொம்பே வெடிக்கும். அதனால் முதலில் சிறிய அளவைக் குவளையில் ஊற்றி, அதிலிருந்துதான் குழலுக்குள் போடுவார்கள்.

பைக்கு, மரப்பட்டையில் பதனிட்ட தோல் நல்லது. வளைத்த வடிவத்தில் அது நிற்கும். இங்கே ஓக் பட்டை, தமிழ்நாட்டில் ஆவாரம் பட்டை. தையலில்தான் கைத்திறன் இருக்கிறது. ஒரே மெழுகு நூலின் இரு முனையிலும் இரண்டு ஊசி. குத்தூசியால் போட்ட ஒவ்வொரு துளையிலும் இரண்டு ஊசியும் எதிரெதிராகப் போகும். ஒரு தையல் அறுந்தாலும் மற்றவை பிரியாது. இயந்திரத் தையலில் இந்த உறுதி இல்லை. இரண்டு தோலுக்கும் இடையில் ஒரு மெல்லிய தோல் நாடாவையும் வைத்துத் தைத்தால் நூல் தேயாது.

இனி, வீட்டில் வைத்திருக்கலாமா? வெறுங்கொம்பு ஓர் அலங்காரப் பொருள்தான். ஆனால் ஜேர்மனிய வெடிபொருட் சட்டப்படி கரிமருந்து வாங்கவும் வைத்திருக்கவும் தனி அனுமதி வேண்டும். பழைய கொம்புக்குள் ஏதாவது கிடந்து அசைந்தால் திறக்க வேண்டாம், சூடாக்க வேண்டாம். நெருப்புக்கு எட்ட வைத்துவிட்டுப் பொலிசுக்கு அறிவியுங்கள்.

அடுத்த கேள்விக்கு வருகிறேன். சின்ன வயதில் எங்கள் அயலில் ஒரு வேட்டைக்காரப் பெரியவர் இருந்தார். அவருடைய தோல் பையை ஊரே மெச்சியது. அதைத் தைத்துக் கொடுத்தவர் படலைக்கு வெளியே நின்றார், அவருக்குத் தேநீர் சிரட்டையில் போனது. அவர் பெயர் எனக்குத் தெரியாது. கேட்க வேண்டுமென்று அன்று எனக்குத் தோன்றவும் இல்லை. "சனம் என்ன சொல்லும்" என்ற கேள்வி அந்தப் படலையடியிலிருந்துதான் எங்களோடு இங்கே வந்திருக்கிறது.

இந்த நாட்டில் அதே வேலைக்குச் சாட்லர் என்று பெயர். மூன்று வருட அவுஸ்பில்டுங். குதிரைச் சேணம், வாகன இருக்கை, பை வகை என மூன்று பிரிவுகள். முடித்தபின் மைஸ்ரர் பட்டம் வரை போகலாம். நான் கணக்குப் பார்ப்பவன். கையால் தைத்த பையின் விலையில் தோலுக்குப் போவது கொஞ்சம், கைக்குப் போவதுதான் பெரும்பங்கு. அந்தக் கை எங்கள் பிள்ளையுடையதாக இருந்தால் அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

அம்மா, மகனை ஒருநாள் ஒஃபன்பாக்கில் 1917இல் தொடங்கிய ஜேர்மன் தோல் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிச் செல்லுங்கள். அதன்பின்னும் ஆசை மாறாவிட்டால், டுசல்டோர்ஃப் கைவினைத் தொழிற்சபையில் பயிற்சி இடங்களைப் பற்றி விசாரிக்கலாம். சனம் ஏதாவது சொன்னால், எங்கள் நிகழ்ச்சிக்கு எடுத்துச் சொல்லச் சொல்லுங்கள். பதில் சொல்ல நான் இருக்கிறேன்.