உங்கள் ரத்தத்தில் எத்தனை ஊர்த் தண்ணீர்?

எச்சிலை ஒரு சின்னக் குப்பியில் துப்பி அனுப்பினால் போதும். ‘உங்கள் முன்னோர் இன்ன கூட்டத்தார் இத்தனை சதவீதம்’ என்று அச்சடித்துக் கொடுத்து விடுகிறார்கள். அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு, “வைத்தியரே, இதைப் பார்த்து என் உடம்பு வாதமா, பித்தமான்னு சொல்லிடலாமா? பையனுக்கு இதை வச்சுப் பொண்ணு பார்க்கலாமா?” என்று கேட்கிறவர்கள் உண்டு. பணத்தைக் கொடுத்துக் குழப்பத்தை வாங்கிக் கொள்ளக் கூடாதல்லவா? அந்தச் சதவீதக் கணக்கு எப்படிப் பிறக்கிறது என்று முதலில் பார்த்து விடுவோம்.

பிளவக்கல் கணக்கு

வத்திராயிருப்புக்கு மேற்கே, மலையடிவாரத்தில் பிளவக்கல் இருக்கிறது. அங்கே பெரியாறு, கோவிலாறு என்று இரண்டு அணைகள். (முல்லைப் பெரியாறு வேறு, இது நம்மூர்ப் பெரியாறு.) இரண்டு தண்ணீரும் கீழே உள்ள கண்மாய்களுக்குப் பாய்கிறது. கண்மாயில் ஒரு செம்புத் தண்ணீர் மொண்டு, ‘இதில் பெரியாறு எவ்வளவு, கோவிலாறு எவ்வளவு?’ என்று கேட்டால் சொல்ல முடியுமா?

முடியும். ஆனால் கலப்பதற்கு முன்னாலேயே இரண்டு ஆற்றிலும் தனித்தனியாக ஒரு செம்பு மொண்டு வைத்திருக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் உப்பு எவ்வளவு, சுண்ணாம்பு எவ்வளவு என்று தெரிந்தால், கண்மாய்த் தண்ணீரோடு ஒப்பிட்டுப் பங்கு போட்டு விடலாம்.

டி.என்.ஏ. கணக்கும் இதேதான். நம் டி.என்.ஏ.வில் சுமார் 300 கோடி எழுத்துகள். பெரும்பகுதி எல்லாருக்கும் ஒன்றுதான். ஆளுக்கு ஆள் மாறுகிற இடங்களில் லட்சக்கணக்கானவற்றை எடுத்து, பழைய எலும்புகளில் கிடைத்த டி.என்.ஏ.வோடு ஒப்பிடுகிறார்கள். எந்தெந்தப் பழங்கூட்டத்தை எந்த அளவில் கலந்தால் உங்கள் எழுத்துகள் கிட்டத்தட்ட வருகின்றன என்று கம்ப்யூட்டர் கண்டுபிடிக்கிறது. சதவீதம் என்பது அந்தக் கலவைதான்.

ஒற்றை வேரும் முழு மரமும்

மதுரை காமராசர் பல்கலைக்கழகப் பேராசிரியர் ராமசாமி பிச்சப்பனும், அமெரிக்க விஞ்ஞானி ஸ்பென்சர் வெல்ஸும் உசிலம்பட்டிப் பக்கம் ஒரு கிராமத்தில் எம்130 என்ற அடையாளத்தைக் கண்டது உங்களுக்கு நினைவிருக்கலாம். ஆப்பிரிக்காவிலிருந்து கடற்கரையோரமாக ஆஸ்திரேலியா வரை நடந்த ஆதி மனிதர்களின் சுவடு என்று அதைச் சொன்னார்கள். பெரிய செய்திதான். ஆனால் அது அப்பனிடமிருந்து மகனுக்கு மட்டும் வரும் ஒற்றை வேர். பத்துத் தலைமுறை பின்னால் போனால் உங்களுக்கு 1,024 முன்னோர் இடங்கள். அதில் ஒரே ஒருவரைத்தான் அந்த வேர் காட்டும். மற்ற 1,023 பேரைப் பார்க்க முழு டி.என்.ஏ.வையும் ஒப்பிட்டாக வேண்டும்.

செம்பு கிடைக்காத ஆறு

இங்கேதான் சிக்கல். நம் வெயிலுக்கும் ஈரத்துக்கும் பழைய எலும்பில் டி.என்.ஏ. தங்குவதில்லை. ஹரியானாவில் ராக்கிகடியில் கிடைத்த 60க்கும் மேற்பட்ட எலும்பு மாதிரிகளைச் சோதித்ததில், தேறியது ஒன்றே ஒன்று. சுமார் 4,500 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரு பெண். அந்த ஆய்வு 2019ல் வெளிவந்தது.

அதே ஆண்டு வந்த இன்னொரு பெரிய ஆய்வும் சேர்ந்து சொல்லும் கணக்கு இது: இந்தியர்களில் பெரும்பாலோரிடம் மூன்று ஊற்றுகள் கலந்திருக்கின்றன. இந்த மண்ணின் ஆதி வேட்டைக் குடிகள் ஒன்று. சிந்துவெளி மக்களிடம் இருந்த, பழைய ஈரானியரோடு உறவுள்ள வழி இரண்டாவது. பிற்காலத்தில் வடக்கே புல்வெளிகளிலிருந்து வந்த ஆடுமாடு மேய்ப்பவர்கள் மூன்றாவது. யாருக்கு எது கூடுதல், எது குறைவு என்பதுதான் வித்தியாசம்.

முதல் ஊற்றின் பழைய எலும்பு டி.என்.ஏ. கையில் இல்லை. அதற்குப் பதிலாக அந்தமான் தீவின் ஓங்கி மக்களை வைத்துக் கணக்குப் போடுகிறார்கள். அவர்கள் நமக்கு நேர்ப் பாட்டன் அல்ல, தூரத்துப் பங்காளி. ஆறே கிடைக்காமல் பக்கத்து ஓடையில் மொண்ட மாதிரி! ஆகவே ஒரு கம்பெனி 40 சதவீதம் என்றால் இன்னொரு கம்பெனி 48 என்னும். எந்தச் செம்போடு ஒப்பிட்டார்கள் என்பதைப் பொறுத்தது அது. இரண்டும் பொய் அல்ல. இரண்டும் கல்வெட்டும் அல்ல.

நம் மலையில் வாழும் பளியர் சமூகமும் அந்த ஆய்வில் இருக்கிறது. காட்டுக்குள் தனியாக வாழ்ந்தவர்கள், கலப்பே இருக்காது என்றுதானே நினைப்போம்? அவர்களிடமும் சிந்துவெளி சார்ந்த வழி கலந்திருக்கிறது. அந்தக் கலப்பு நடந்து ஏறத்தாழ 3,000 ஆண்டுகள் ஆகின்றன. மலைமேல் இருப்பவரிடமே கலப்பு என்றால், கீழே இருக்கிற நாம் ‘சுத்த ரத்தம்’ என்று மீசை முறுக்க என்ன இருக்கிறது?

உடம்புக்கு எது முக்கியம்?

சரி, கலந்து விட்டோம். பிறகு என்ன செய்தோம்? அவரவர் கூட்டத்துக்குள்ளேயே பெண் எடுத்துப் பெண் கொடுத்தோம். வைத்தியத்துக்கு உதவுகிற செய்தி இதுதான். தங்கராஜ், டேவிட் ரெய்க் முதலியோர் 2017ல் வெளியிட்ட ஆய்வில், தெற்காசியாவின் 260க்கும் மேற்பட்ட குழுக்களைப் பார்த்தார்கள். அவற்றில் 81 குழுக்கள் மிகச் சில முன்னோரிடமிருந்து பெருகியவை. பழைய கோளாறு ஒன்று இருந்தால் அது அந்தக் கூட்டத்துக்குள்ளேயே சுற்றும். அறுவை சிகிச்சையில் தசையைத் தளர்த்தக் கொடுக்கும் ஒருவகை மருந்து, வைசியர் சமூகத்தில் சிலருக்கு மூச்சு திரும்ப நேரமாக்குவது இப்படித்தான். உடம்பில் அந்த மருந்தை உடைக்கிற என்சைம் குறைவு. முன்கூட்டித் தெரிந்தால் மயக்க மருந்து டாக்டர் வேறு மருந்து கொடுத்து விடுவார்.

இன்னொன்று, இதயத் தசைக்கான ஒரு ஜீனில் 25 எழுத்து விடுபட்டிருப்பது. தெற்காசியரில் சுமார் 4 சதவீதம் பேரிடம் அது உண்டு. பிற்காலத்தில் இதயம் பலவீனமாகும் வாய்ப்போடு அதற்குச் சம்பந்தம் இருப்பதாக 2009ல் கண்டார்கள். இருப்பவர்கள் எல்லாருக்கும் நோய் வராது, பயம் வேண்டாம்.

கவனிக்க வேண்டியவை

1. பூர்வீகச் சதவீதத்தை வைத்து வாதம், பித்தம், கபம் சொல்ல முடியாது. உடல்வாகை நாடியும், நாக்கும், பசியும், தூக்கமும்தான் சொல்லும்.

2. அது நோய்ப் பரிசோதனை அல்ல. அதைப் பார்த்து எந்த மருந்தையும் நிறுத்தவோ, தொடங்கவோ கூடாது.

3. வீட்டில் யாராவது இளவயதில் திடீரென்று இறந்திருந்தால், ஆபரேஷன் மயக்கத்தில் சிக்கல் வந்திருந்தால், அதை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். டாக்டரிடம் முதலில் அதைச் சொல்லுங்கள்.

4. தாய்மாமன், அத்தை மகன் என்று நெருங்கிய சொந்தத்தில் சம்பந்தம் பேசினால், ரெண்டு பக்கத்திலும் ஒரே மாதிரி நோய், குறைப் பிள்ளை உண்டா என்று வெட்கப்படாமல் விசாரியுங்கள். உண்டு என்றால் மரபணு ஆலோசனை கேட்டு முடிவு செய்யுங்கள்.

ஆசைக்குப் பூர்வீகம் பார்ப்பதில் தப்பில்லை. ஆனால் அதற்குக் கொடுக்கிற காசுக்கு முன்னால், வீட்டுப் பாட்டியின் பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேளுங்கள். அதற்குச் செலவில்லை, பலன் நிச்சயம்.