எண்ணெய் வழியும் முகத்திற்கு இத்தனை களிம்பு எதற்கு?

காலை ஷிப்டுக்குப் புறப்படும்போது பளிச்சென்று இருக்கும் முகம், பத்து மணித் தேநீர் இடைவேளைக்குள் எண்ணெய் பூசியது போல் ஆகிவிடுகிறது. அலோர்ஸ்டார் மெர்கோங் தொழிற்பேட்டையில் முகக்கவசமும் தொப்பியும் அணிந்து வேலை செய்வோரானாலும் சரி, கெடாவின் தோட்டப்புறங்களில் வெயிலில் நிற்போரானாலும் சரி, இந்தக் குறையைச் சொல்லாதவர்கள் குறைவு. பதினாறு வயதில் வந்தால் பருவக் கோளாறு என்று விட்டுவிடுகிறோம். முப்பத்தைந்து வயதிலும் அது போகவில்லை என்றால் கவலை வந்துவிடுகிறது. பத்து வெள்ளிக் களிம்பிலிருந்து இருநூறு வெள்ளி 'செட்' வரைக்கும் விற்பனையாவது அந்தக் கவலையால்தான்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். எண்ணெய் வழிவது நோயல்ல. நம் தோலுக்கடியில் எண்ணெய்ச் சுரப்பிகள் இருக்கின்றன. முகத்திலும் தலையிலும்தான் அவை மிக நெருக்கமாக உள்ளன. முகத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 400 முதல் 900 வரை என்று மருத்துவ நூல்கள் கணக்கிடுகின்றன. அவை சுரக்கும் 'சீபம்' என்னும் எண்ணெய், தோல் வறண்டு வெடிக்காமல் காக்கிறது. இச்சுரப்பிகளுக்கு உத்தரவிடுவது ஆண்ட்ரோஜன் எனும் ஹார்மோன். பெண்களின் உடலிலும் அது சிறிதளவு உண்டு. ஆண்களுக்கு எண்ணெய் கூடுதலாக வழிவதற்கும், வயதான பின்னரும் அது குறையாமல் இருப்பதற்கும், பெண்களுக்கு மாதவிடாய் நின்றபின் வெகுவாகக் குறைவதற்கும் காரணம் இதுதான்.

வெப்பத்திற்கும் இதில் பங்குண்டு. தோலின் வெப்பநிலை ஒரு டிகிரி செல்சியஸ் கூடினால், வெளிவரும் எண்ணெயின் அளவு ஏறக்குறைய 10 விழுக்காடு கூடுகிறது என்று 1970-இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. ஆண்டின் தொடக்க மாதங்களில் கெடாவிலும் பெர்லிஸிலும் அடிக்கும் வெயிலை நாம் அறிவோம். பெர்லிஸின் சுப்பிங்கில் 1998 ஏப்ரலில் 40.1 டிகிரி பதிவானது. அப்படிப்பட்ட வட்டாரத்தில் இருந்துகொண்டு, குளிர்சாதன அறையில் எடுத்த விளம்பரப் படத்தோடு நம் முகத்தை ஒப்பிட்டுப் பார்ப்பதில் நியாயமில்லை.

தேய்த்துக் கழுவினால் நிற்குமா?

நிற்காது. கழுவும்போது போவது தோலின் மேல் படிந்த எண்ணெய் மட்டுமே. அடியிலிருக்கும் சுரப்பிக்குத் தண்ணீரும் எட்டாது, சவர்க்காரமும் எட்டாது. துடைத்தெடுத்த எண்ணெய் சில மணி நேரத்தில் மறுபடியும் சேர்ந்துவிடும். இதை அறியாமல் ஒரு நாளைக்கு ஐந்தாறு முறை கரகரப்பான துண்டால் தேய்ப்பவர்கள் உண்டு. அவர்களுக்கு மிஞ்சுவது எரிச்சலும் சிவப்பும்தான். தோலின் மேற்பரப்பு இலேசான அமிலத்தன்மை கொண்டது. அதன் பி.எச். அளவு ஏறத்தாழ ஐந்து. சாதாரண கட்டிச் சவர்க்காரத்தின் அளவோ 9, 10 என்று காரப் பக்கம் நிற்கிறது. குளிக்கும் சவர்க்காரத்தையே முகத்திலும் போட்டால் தோல் இழுத்துப் பிடிப்பது அதனால்தான். 'இழுத்துப் பிடித்தால் சுத்தம்' என்று பலர் எண்ணுகிறார்கள். தோலின் பாதுகாப்புப் படலம் பாதிக்கப்பட்டதற்கான அறிகுறி அது.

காலையில் ஒருமுறை, இரவில் ஒருமுறை, வியர்த்துக் கொட்டினால் இன்னொரு முறை என்பது போதுமான கணக்கு. மருந்தகத்தில் வாசனையும் சாயமும் இல்லாத மென்மையான முகக்கழுவி ஒன்றை வாங்கி, விரல் நுனியால் பூசி, வெறும் தண்ணீரில் அலசினால் போதும். துணியால் ஒற்றித் துடைக்க வேண்டும், உரசக்கூடாது. இடைவேளையில் எண்ணெய் மின்னினால், எண்ணெய் உறிஞ்சும் தாளோ சாதாரண டிஷ்யூவோ கொண்டு ஒற்றியெடுத்தால் காரியம் முடிந்தது. அதற்கென்று தனிக் களிம்பு எதுவும் தேவையில்லை.

எண்ணெய்ப் பசை உள்ளவர்களுக்கு ஈரப்பதக் களிம்பு கூடாது என்பதும் தவறான நம்பிக்கை. கழுவியபின் முகம் வறண்டால், எண்ணெய் கலக்காத இலேசான வகையை மெல்லியதாகப் பூசலாம். வறளவில்லை என்றால் வேண்டாம். வெயிலில் நிற்பவர்களுக்கு எஸ்.பி.எஃப். 30 அளவுள்ள, ஜெல் வகைச் சூரியத்தடுப்பு பயன் தரும். நம் நிறத் தோலில் ஒரு பரு வந்துபோனால் அதன் கறுப்புத் தழும்பு மாதக்கணக்கில் நிற்கிறது. வெயில் அதை மேலும் கருக்கச் செய்கிறது.

வீட்டு வைத்தியத்தில் எது நல்லது?

நம்மவர்கள் பரம்பரையாகச் செய்துவந்தவற்றில் சில நல்லவை, சில அல்லாதவை. பயத்தம் மாவு எண்ணெயை உறிஞ்சும். ஆனால் நைசாக அரைத்துச் சலித்திருக்க வேண்டும், கரகரவென்று தேய்க்கக்கூடாது. மலாய்க்காரர்களின் 'பெடாக் செஜோக்' மலிவானது. அரிசியை நாள்கணக்கில் ஊறப்போட்டு அரைத்து, சிறு சிறு வில்லைகளாகக் காயவைத்தது. இரண்டு வில்லையைத் தண்ணீரில் கரைத்துப் பூசினால், அரிசி மாவு எண்ணெயை இழுத்துக்கொள்ளும். பருவைக் குணமாக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். மினுமினுப்பைக் குறைத்தால் அதுவே போதும்.

எலுமிச்சைச் சாறு வேண்டவே வேண்டாம். அதைப் பூசிக்கொண்டு வெயிலில் போனால் தோல் வெந்து, கொப்புளம் கண்டு, கறுத்தும் போகலாம். பருவின் மேல் பற்பசை பூசுவதும் எரிச்சலைத்தான் கூட்டும். தேங்காய் எண்ணெய் வறண்ட கை கால்களுக்கு நல்லது. எண்ணெய் வழியும் முகத்தில் அது துவாரங்களை அடைக்கும்.

அதோடு தொடர்புடைய ஒன்றைப் பலர் கவனிப்பதில்லை. தலை நிறைய எண்ணெய் வைத்து வாரிப் பின்னுவது தோட்டத்து லயங்களில் வளர்ந்த தலைமுறையின் வழக்கம். நல்ல வழக்கம்தான். ஆனால் அந்த எண்ணெய் வேலை நேரத்தில் நெற்றிக்கு இறங்குகிறது, இரவில் தலையணை உறைக்குப் போய்க் கன்னத்தில் ஒட்டுகிறது. நெற்றியோரத்தில் மட்டும் பொரிப்பொரியாக வருகிறவர்கள், எண்ணெயை இரவில் வைத்துக் காலையில் அலசிவிட்டுப் பார்க்கலாம். தலையணை உறையையும் வாரம் ஒருமுறையாவது மாற்ற வேண்டும். இதற்குச் செலவே இல்லை.

வடையும் பொரித்த கோழியும் சாப்பிட்டால் அந்த எண்ணெய் முகத்தில் வழியும் என்பதற்குத் தக்க ஆதாரமில்லை. சர்க்கரையும் மாவும் மிகுந்த உணவுக்கும் பாலுக்கும் பருவோடு தொடர்பிருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆகவே, நாளைக்கு நான்கு கோப்பை தே தாரிக் குடிப்பவர்கள் அதை ஒன்றாகக் குறைத்துப் பார்க்கலாம்.

பரு உள்ளவர்கள் மருந்தாளரிடம் கேட்டால் இரண்டு எளிய மருந்துகளைச் சொல்வார். ஒன்று சாலிசிலிக் அமிலம். எண்ணெயில் கரைவதால் அது துவாரத்துக்குள் இறங்கி அடைப்பை இளக்குகிறது. இன்னொன்று பென்சாயில் பெராக்சைட். பருவைப் பொறுத்தவரை இதில் 2.5 விழுக்காடு கொண்டதே 10 விழுக்காட்டுக்கு நிகராக வேலை செய்கிறது, எரிச்சலும் குறைவு. துண்டையும் உடையையும் வெளுக்கச் செய்யும் என்பதால் பழைய துண்டைப் பயன்படுத்துவது நல்லது. எதுவானாலும் ஆறு முதல் எட்டு வாரம் பொறுக்க வேண்டும்.

ஆபத்து எங்கே இருக்கிறது?

அந்தப் பொறுமை இல்லாதவர்களைத்தான் இரவுச் சந்தையிலும் முகநூலிலும் விற்கும் 'மூன்றே நாள்' களிம்புகள் பிடித்துக்கொள்கின்றன. எண்ணெய் நிற்கும், பரு மறையும், நிறமும் வெளுக்கும் என்பார்கள். உண்மையில் மூன்று நாளில் மாற்றம் தெரியவும் கூடும். காரணம், இத்தகைய சில களிம்புகளில் பாதரசமோ, ஹைட்ரோகுவினோனோ, டிரெட்டினாயினோ, ஸ்டீராய்டோ இருப்பதுதான். மலேசிய மருந்தியல் ஒழுங்குமுறை அமைப்பான என்.பி.ஆர்.ஏ. இவற்றைக் கண்டுபிடித்துப் பலமுறை எச்சரித்திருக்கிறது. ஸ்டீராய்டு தோலை மெலியச் செய்யும். நிறுத்தினால் முகம் சிவந்து முன்னைவிட மோசமாகும். 'களிம்பை விட்டதால்தான் இப்படி' என்று மறுபடியும் அதையே வாங்க வைப்பதும் அதுதான்.

பாதரசம் அதைவிடக் கொடியது. கேரளத்தின் மலப்புரம் மாவட்டக் கோட்டக்கல்லில், 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை, சிறுநீரில் புரதம் இறங்கும் ஒருவகைச் சிறுநீரக நோய் 22 பேரிடம் காணப்பட்டது. அவர்களில் 15 பேருக்கு இருந்தது அந்நோயின் அரிய வகை. விசாரித்தபோது அந்த 15 பேரில் 13 பேர், நோய் வருமுன் நிறம் வெளுக்கும் களிம்பு பூசியதை ஒப்புக்கொண்டனர். பூசுகிறவரோடும் இது நிற்பதில்லை. துண்டு, தலையணை வழியாக வீட்டிலுள்ள குழந்தைகளையும் பாதரசம் எட்டும்.

மலேசியாவில் விற்கப்படும் ஒப்பனைப் பொருள் என்.பி.ஆர்.ஏ.விடம் முன்னறிவிப்புச் செய்யப்பட்டிருக்க வேண்டும். அந்த எண் 'என்.ஓ.டி.' என்று தொடங்கும். அதன் இணையத்தளத்தில் பெயரைத் தட்டிப் பார்க்கலாம், மருந்தாளரிடமும் கேட்கலாம். ஆனால் எண் இருப்பதே முழு உத்தரவாதமல்ல. அது நிறுவனம் தானே தரும் அறிவிப்பு. பின்னர் சோதனையில் விஷப்பொருள் கண்டு எண் ரத்தான பொருள்களும் உண்டு. உற்பத்தியாளர் முகவரி இல்லாத, சிறு டப்பாவில் அடைத்த மஞ்சள் களிம்பு எதுவானாலும் வாங்காமல் விடுவதே சரி.

மாதவிடாய் தவறி, தாடையில் முடியும் வளர்ந்து, பருவும் கூடினால் அது வெறும் எண்ணெய்ப் பிரச்சினையல்ல. கருப்பை நீர்க்கட்டி எனப்படும் பி.சி.ஓ.எஸ். கோளாறா என்று பார்க்க வேண்டும். மூக்கோரத்திலும் புருவத்திலும் செதில் உதிர்ந்தால் அதற்கு மருந்து வேறு. வலியுள்ள பெரிய கட்டிகள் வந்தாலும் தாமதிக்கக்கூடாது. சுரப்பியையே சுருங்கச் செய்யும் ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை 1982 முதல் உலகில் பயன்பாட்டில் உள்ளது. கருவிலுள்ள குழந்தைக்கு அது கடும் ஊனம் விளைவிக்கும் என்பதால், மருத்துவர் மேற்பார்வை இல்லாமல் தொடவே கூடாது.

முதலில் அரசாங்க சுகாதார கிளினிக்கிற்குப் போகலாம். தேவைப்பட்டால் அங்கிருந்தே அலோர்ஸ்டார் சுல்தானா பஹியா மருத்துவமனையின் தோல் பிரிவுக்கு அனுப்புவார்கள். இதுவரை பூசிய களிம்பு டப்பாக்களையும் கையோடு கொண்டுபோக வேண்டும். வெட்கப்பட்டு மறைத்தால், முகத்தில் என்ன நடந்திருக்கிறது என்பதை மருத்துவர் கண்டறிய அதிக நாளாகும்.