ஒரு இருக்கை, நாலு வாசல்: டிக்கெட்டை யாரிடம் வாங்குகிறீர்கள்?

மும்பை கிங்ஸ் சர்க்கிள் சண்முகானந்தா அரங்கில் 2,700-க்கும் மேற்பட்ட இருக்கைகள். சென்னையிலிருந்து ஒரு நாடகக் குழுவோ இசைக் குழுவோ வந்தால், அவ்வளவு டிக்கெட்டும் ஒரே இடத்தில் விற்பனைக்கு வருவதில்லை. பொதுவாக, உறுப்பினர்களுக்கும் விளம்பரதாரர்களுக்கும் கொஞ்சம் ஒதுக்கிவிட்டு, மீதியை அரங்கக் கவுண்டருக்கும் ஆன்லைன் நிறுவனங்களுக்கும் பிரித்துக் கொடுப்பார்கள். இதற்கிடையே தாராவியில் ஏதாவது ஒரு வாட்ஸ்அப் குழுவில், "அண்ணாச்சி, ரெண்டு டிக்கெட் மிச்சம் இருக்கு, ஜிபே பண்ணுங்க" என்று ஒரு செய்தி வந்து விழும். எங்கே வாங்கினாலும் உட்காரப் போவது ஒரே நாற்காலியில்தான். ஆனால் நிகழ்ச்சி ரத்தானாலோ வாசலில் நிறுத்தப்பட்டாலோ பணத்தை யாரிடம் கேட்பது என்ற கேள்விக்கு ஒவ்வொரு வாசலிலும் வெவ்வேறு பதில்.

ஆன்லைனில் விற்பவர்கள் பெரும்பாலும் இடைத்தரகர்கள். நிகழ்ச்சியும் இருக்கையும் அமைப்பாளருடையவை. புக்மைஷோவை நடத்தும் பிக்ட்ரீ நிறுவனம் 1999-இல் மும்பையில் தொடங்கியது. பேடிஎம்மின் டிக்கெட் வியாபாரத்தை 2024 ஆகஸ்டில் சொமேட்டோ 2,048 கோடி ரூபாய் பேசி வாங்கி, 'டிஸ்ட்ரிக்ட்' என்ற செயலியைக் கொண்டுவந்தது. மராத்தி நாடகத்துக்கென்று நடிகர் பிரசாந்த் தாம்லே 'திகிடாலய்' என்ற செயலியையே உருவாக்கினார். இவ்வளவு பேர் போட்டி போட்டால் விலை இறங்க வேண்டும் அல்லவா? இறங்காது. டிக்கெட் விலையை வைப்பவர் அமைப்பாளர். செயலிகளின் போட்டியெல்லாம் 'இந்த நிகழ்ச்சி எங்களிடம் மட்டும்' என்ற ஒப்பந்தத்தைப் பிடிப்பதிலும், குறிப்பிட்ட வங்கி அட்டைக்குத் தள்ளுபடி தருவதிலும்தான். ஆன்லைன் சினிமா டிக்கெட் சந்தையில் புக்மைஷோ தன் ஆதிக்கத்தைத் தவறாகப் பயன்படுத்துகிறது என்ற புகாரை விசாரிக்கும்படி இந்தியப் போட்டி ஆணையம் 2022-இல் உத்தரவிட்டதற்கும் இதுபோன்ற ஒப்பந்தங்கள் ஒரு காரணம்.

பில்லை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். 400 ரூபாய் நாடக டிக்கெட் என்று வைத்துக்கொள்வோம். நாடகம், கச்சேரிக்கு நபருக்கு 500 ரூபாய் வரை ஜிஎஸ்டி கிடையாது, அதைத் தாண்டினால் 18 சதவீதம். சினிமாவுக்குக் கணக்கு வேறு. ஆனால் செயலி வாங்கும் வசதிக் கட்டணத்துக்கு வரி உண்டு. கட்டணம் 40 ரூபாய் என்றால் வரி 7 ரூபாய் 20 காசு. நாலு பேர் கொண்ட குடும்பத்துக்கு இரண்டும் சேர்த்து 188 ரூபாய் 80 காசு. இந்த வசதிக் கட்டணத்தை ஆன்லைன் சினிமா டிக்கெட்டுக்கு வாங்கக் கூடாது என்று மகாராஷ்டிர அரசு 2013-லும் 2014-லும் உத்தரவு போட்டது. சட்டத்தில் இடமில்லாமல் தொழில் நடத்தும் உரிமையில் தலையிடுவதாகச் சொல்லி, 2025 ஜூலையில் மும்பை உயர் நீதிமன்றம் அவற்றை ரத்து செய்துவிட்டது. ஆக, வாங்குவது குற்றமில்லை. ஆனால் தாராவியிலிருந்து கிங்ஸ் சர்க்கிள் கூப்பிடு தூரம். கவுண்டரில் வாங்க முடிந்தால் அந்தக் காசு மிச்சம்.

வசதிக் கட்டணம் வாங்கலாம், மறைக்கக் கூடாது. 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி மொத்த விலையையும் அதன் பிரிவுகளையும் காட்ட வேண்டும், நம் சம்மதத்தைத் தானாக டிக் செய்து வைக்கக் கூடாது. முதலில் ஒரு விலை, பணம் கட்டும் பக்கத்தில் இன்னொரு விலை, கேட்காத ஒன்றைக் கூடையில் சேர்ப்பது, 'இன்னும் ரெண்டே இருக்கை' என்று பொய்யாக அவசரப்படுத்துவது எல்லாம் 2023 நவம்பரில் வந்த வழிகாட்டுதலில் தடை செய்யப்பட்ட தந்திரங்கள். புக்மைஷோவில் டிக்கெட்டுக்கு ஒரு ரூபாய் நன்கொடை தானாகச் சேர்ந்துகொண்டிருந்தது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தலையிட்ட பிறகு அது நம் விருப்பத்துக்கு விடப்பட்டது. ஒரு ரூபாய்தானே என்று கேட்கலாம். தருமம் செய்ய வேண்டுமென்றால் நாமே செய்வோம், நம் சட்டைப் பையில் அடுத்தவர் கைவிட்டுச் செய்ய வேண்டியதில்லை.

பெரிய ஆபத்து பிளாக்கில்தான். 'கபாலி' வந்த 2016-இல் மாட்டுங்கா அரோரா தியேட்டர் வாசலில் முதல் காட்சிக்குத் திரண்ட கூட்டம் ஊரறிந்தது. அன்றைய பிளாக்கில் காகித டிக்கெட்டாவது கைக்கு வரும். இன்று வருவது ஒரு ஸ்கிரீன்ஷாட். அதிலுள்ள கியூஆர் கோடு ஒருமுறைதான் வேலை செய்யும். ஒரே படத்தை ஐந்து பேருக்கு விற்றால், முதலில் வாசலுக்கு வந்தவர் உள்ளே, மற்ற நால்வரும் வெளியே. 2025 ஜனவரியில் நவி மும்பையில் நடந்த கோல்ட்ப்ளே கச்சேரிக்கு 2,500 முதல் 35,000 ரூபாய் வரை வைத்த டிக்கெட், மறுவிற்பனைத் தளங்களில் லட்சங்களுக்குப் போனது. அமலாக்கத் துறை 2024 அக்டோபரில் ஐந்து மாநிலங்களில் சோதனை நடத்தியபோது இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப், டெலிகிராம் வழியாகப் போலி டிக்கெட்டுகள் பரிமாறப்பட்டது தெரியவந்தது. அயர்லாந்து 2021-இல் சட்டமே இயற்றி, பெரிய நிகழ்ச்சிகளின் டிக்கெட்டை அச்சிட்ட விலைக்கு மேல் விற்பதைத் தடுத்தது. இங்கே அப்படியொரு மத்தியச் சட்டம் இல்லை. ஆன்லைன் டிக்கெட் பிளாக்கைத் தடுக்க விதிகள் கேட்ட பொதுநல வழக்கை, சட்டம் இயற்றுவது அரசின் வேலை என்று சொல்லி 2025 ஜனவரியில் மும்பை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. போலி டிக்கெட் விற்றவர் மீது ஏமாற்றுக் குற்றத்துக்கான பாரதிய நியாய சன்ஹிதா 318-ஆம் பிரிவு பாயும். ஆனால் அந்த ஆளைப் பிடித்த பிறகுதானே!

நிஜ டிக்கெட் வாங்கியவர்களும் வெளியே நின்றது உண்டு. மழையால் தள்ளிப்போய், 2023 செப்டம்பர் 10 அன்று சென்னைப் பனையூரில் நடந்த ஏ.ஆர். ரகுமானின் 'மறக்குமா நெஞ்சம்' நிகழ்ச்சியில் பணம் கட்டிய பலர் நெரிசலில் சிக்கி, பாட்டுக் கேட்காமலே வீடு திரும்பினார்கள். டிக்கெட் நகலையும் குறையையும் மின்னஞ்சலில் அனுப்பச் சொன்னார் ரகுமான். பிளாக்கில் வாங்கியவர் எதை அனுப்புவார்? டிக்கெட் வேறொருவர் எண்ணில், பணம் மூன்றாமவர் கணக்கில்.

அதனால் வாங்கும்போதே உறுதி மின்னஞ்சல், பணம் போன எஸ்எம்எஸ், ரத்து விதிகள் உள்ள பக்கம் மூன்றையும் படமெடுத்து வையுங்கள். நிகழ்ச்சி ரத்தாகிப் பணம் வராவிட்டால் முதலில் அந்த நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததென்று ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பது விதி. 'நாங்கள் இடைத்தரகர், அமைப்பாளரைக் கேளுங்கள்' என்று கைகழுவினால் இருவரையும் சேர்த்தே புகாரில் எழுதுங்கள். அடுத்து 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். தமிழிலேயே பேசலாம். போலி ஆளுக்குப் பணம் அனுப்பிவிட்டீர்களா? அதற்கு 1930, சைபர் குற்ற உதவி எண். வெட்கப்பட்டு ராத்திரி முழுக்க யோசிக்க வேண்டாம். பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் சொன்னால்தான் முடக்க முடியும்.

இவை எதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் அல்லது வேலை பார்க்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம். நிறுவனத்தின் தலைமையகம் எங்கிருந்தால் நமக்கென்ன! 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய சேவைக்கு மனுக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. 'இ-ஜாக்ருதி' தளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம். கெடு இரண்டு ஆண்டு.